முத்தையாவின் சிவப்புத் தொப்பி

மாசி 12, சனிக்கிழமை. இரவு.

எல்லாத் தேயிலைத் தோட்டத்து ஆட்டக்காரர்களிலும் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி, துரைமார் ஊவா மாகாணத்துக்கென்று ஒரு பந்தாட்டக் கோஷ்டி சேர்த்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் என் தங்கச்சி புருஷன் முத்தையாவுக்கு மட்டும் அந்த மரியாதை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லாரும் நிற்க, துரை அவன் பெயரைச் சொல்லி, அந்தக் கோஷ்டிக்குரிய சிவப்புத் தொப்பியை என் கையில் கொடுத்தார்.

முத்தையா பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். போன ஆட்டத்தில், கவ்வாத்துக்காகத் தேயிலைச் செடிகளைக் கட்டையாக வெட்டியிருந்த மலைக்குள் விழுந்த பந்தை எடுக்க வெறுங்காலோடு ஓடினான். தேயிலைக் கட்டை பாதத்தில் ஏறிவிட்டது. புகையிலை வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஆடினான். இப்போது முழங்கால் வரை கறுத்துவிட்டது. காலை எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்கிறார் டாக்டர். நேற்றுத்தான் அழுதுகொண்டே சம்மதித்திருந்தான்.

சிரிக்க வைக்கலாமென்று, இன்று ஆஸ்பத்திரிக்குப் போனதும் தொப்பியை அவன் தலையில் மாட்டினேன். "மாப்பிள, துரையக் கண்டா கழட்டணும், மறந்துறாதே."

அவன் சிரிக்கவில்லை. "மச்சான், கால வெட்ட வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிருங்க. ஆட்டத்துக்கு நான் போகணும்."

"ஆட்டம் கெடக்குது. மொதல்ல பொழச்சு வா."

"ஒத்தக் காலோட வந்தா பெரட்டுல நிக்க விடுவாங்களா?"

தங்கச்சி பொன்னி தொப்பியைப் பறிக்கப் போனாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வெளியே வந்ததும், "அத ஏண்ணே கொண்டாந்தே?" என்று அழுதாள்.

நாளைக் காலையில் டாக்டர் கடைசியாக ஒருமுறை கேட்பாராம். அதற்குள் நான் போய்ச் சம்மதிக்க வைக்க வேண்டும். என்ன சொல்வது? கேலியைத் தவிர எனக்கு வேறு பேச்சு வராதே.