மயிரிழை வெளியே

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை மாதம் ஒருமுறை உன் விடுதி மேற்பார்வையாளர் போனில் சொல்கிறார். வேளைக்குச் சாப்பிடுகிறாயாம், மாத்திரையைத் தவறவிடுவதில்லையாம், நாற்றுப் பண்ணையில் ஒரு பகுதியை முழுக்க உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்களாம். கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அது அவர் வாயால் வருகிற செய்தி. உனக்குப் போன் ஆகாது என்று தெரியும். ஆள் இல்லாமல் குரல் மட்டும் வந்தால் அதை மற்றக் குரல்களிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று ஒருமுறை கேட்டாய். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். இது எட்டாவது. முந்தைய ஏழும் உன் கைக்கு வந்தன என்று மேற்பார்வையாளர் சொன்னார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. வாய் குறையவில்லை. ஊர்ல உள்ளவங்க மண்டையை எல்லாம் பாக்குறியே, என்னையும் ஒரு தடவை அந்த மெஷினுக்குள்ள தள்ளு, உங்கப்பாவோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணதுல மிச்சம் ஏதாவது இருக்கான்னு பாக்கணும் என்கிறாள். சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள். பிறகு, அவன் என்ன எழுதியிருக்கான் என்று கேட்கிறாள். நீ எழுதவில்லை என்று தெரிந்தேதான் கேட்கிறாள்.

அண்ணா, இந்தக் கடிதத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். போன ஏழு கடிதங்களிலும் அதைச் சுற்றி வந்தேனே தவிர எழுதவில்லை.

நீ கடைசியாக வந்திருந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தாய். நான் பேச்சுவாக்கில் சொல்வதுபோலப் பதினைந்து சொற்களைச் சொன்னேன். இருபது நிமிடம் கழித்து, எது எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் ஆய்வு நிறுவனத்தில் நினைவாற்றலைச் சோதிப்பது அப்படித்தான். நீ பதினொன்றைச் சொன்னாய். மிச்சம் நாலும் தெரியும், தர மாட்டேன் என்றாய். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாய். நான் குளித்துவிட்டு வந்தபோது அம்மா உன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அது தப்பு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஏன் செய்தேன் என்பதுதான் போன மாதம் புரிந்தது.

எங்கள் ஆய்வு பற்றி உனக்குத் தெரியும். மனச்சிதைவு உள்ளவர்களின் மூளையில் எந்தப் பகுதி எவ்வளவு இருக்கிறது, அவர்களுடைய ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் யோசிக்கிற வேகத்துக்கும் அதோடு சம்பந்தம் உண்டா என்று பார்க்கிறார்கள். நான் அங்கே சேர்வதற்கு முன்பே நீயும் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தாய். உள்ளே தச்சு வேலை நடக்குது, ஒருத்தனுக்கும் தாளம் தெரியல என்றாய். படங்களிலிருந்து பெயரை நீக்கி, முகத்தை அழித்து, வெறும் எண்ணாக எங்களிடம் தருவார்கள். நோய் உள்ளவரா இல்லாதவரா என்றுகூடத் தெரியாது. நினைவுக்குரிய ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, வளைந்து கடற்குதிரை மாதிரி இருக்கும். ஒவ்வொரு படமாக அதன் ஓரத்தைக் கையால் வரைவதுதான் என் வேலை. ஒரு தலைக்கு எண்பது படம்.

வீட்டில் யாராவது ஆய்வில் இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை. உன்னைப் பற்றி அங்கே யாரோடும் பேச எனக்கு மனம் வரவில்லை. வெட்கம் என்று நினைத்துவிடாதே. உன்னை அவர்கள் வாயில் விட இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் நூற்றுப்பன்னிரண்டாம் எண் வந்தது. இடது காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரு பள்ளம். ஏழு வயதில் நீ மதிலிலிருந்து விழுந்த இடம். நீதான் என்று முடிவே செய்துவிட்டேன். எழுந்து போய் மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தேன். அன்றைக்கு வரைந்த அளவு பத்திரமாக நான் எதையும் வரைந்ததில்லை.

எங்கள் கோடுகளைச் சரிபார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கழுகு என்று பெயர் வைத்திருக்கிறோம், அவருக்கும் அது தெரியும். இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கை பிசகினால் கோடு உள்ளேயும் வரும் வெளியேயும் போகும், உன்னோடது நூத்திப்பன்னெண்டுல எண்பது படத்திலயும் மயிரிழை வெளியவே போய் அளவு கூடியிருக்கு, யாருக்கும்மா இப்படி அள்ளிக் குடுத்திருக்கே என்று கேட்டார். அதட்டவில்லை. அதனால்தான் அழுதுவிட்டேன், எல்லாவற்றையும் சொல்லியும்விட்டேன்.

மேலதிகாரி பதிவேட்டைத் திறந்தார். நூற்றுப்பன்னிரண்டு நீ இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வந்த, எந்த நோயும் இல்லாத யாரோ ஒருவர். அவருக்கும் எங்கேயோ அடிபட்டிருக்கிறது. உன் எண் முப்பத்தெட்டு என்றார். நான் சேர்ந்த இரண்டாவது மாதத்திலேயே அதை வரைந்து முடித்திருக்கிறேன். கழுகு அக்காவின் கோடும் என் கோடும் அச்சாக ஒத்துப்போயின. எந்தக் கிழமை, என்ன நினைத்துக்கொண்டு வரைந்தேன், பாதியில் டீ குடிக்கப் போனேனா, ஒன்றும் ஞாபகம் இல்லை. எட்டு மணி நேரம் உன் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறேன். அது நீ என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வரைந்த நாற்பத்தொரு பேரையும் மற்றவர்கள் திரும்ப வரைகிறார்கள். என்னைப் படப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பாததே பெரிது. அன்று உன் அளவு எழுதிய தாள் மேசைமேல் திறந்தே கிடந்தது. நான் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஏதோ ஒரு சாய்வு தெரிகிறது, ஒருவரைத் தனியாக எடுத்தால் அது எதையுமே சொல்வதில்லை. அளவு குறைந்த சிலர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறார்கள். நிறைந்த சிலர் திணறுகிறார்கள். இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நான்தான், நோய் போக நீ எவ்வளவு மிச்சம் இருக்கிறாய் என்று உன்னைச் சொல் சொல்லாக எண்ணினேன். நீ நீயாகவே இருக்கிறாய் என்று யாராவது எனக்கு எழுதித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன், அண்ணா. எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவனை விட்டுவிட்டு.

உன் அறையில் ஒன்றையும் மாற்றவில்லை. நில அளவைச் சங்கிலியும் வரைபடக் குழாய்களும் அலமாரி மேலேயே இருக்கின்றன. புதிதாகப் புத்தகங்கள் நிறைய வாங்கிவிட்டேன். நான் பாதி படிக்கும்போதே நீ கடைசிப் பக்கத்தைப் பார்த்து, யார் சாகிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிடுவாய். எத்தனை நாள் உன்னோடு பேசாமல் இருந்திருக்கிறேன். இப்போது எல்லா முடிவும் எனக்கு முறைப்படிதான் தெரிகிறது. ஒரு ருசியும் இல்லை.

இரண்டாவது சுற்றுக்கு வரச்சொல்லி நிறுவனத்திலிருந்து உனக்குக் கடிதம் வரும். போவதும் போகாததும் உன் இஷ்டம். நான் கூப்பிடுவதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடுத்த மாதம் முழுக்க எனக்கு விடுமுறை. வந்து பத்து நாள் இரு. பேசத் தோன்றாவிட்டால் பேசாமல் இரு. நானும் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வர இஷ்டமில்லை என்றால் ஒரு வரி எழுதிப் போடு. வருவதாக இருந்தால் எழுதவே வேண்டாம். பதில் வராத ஒவ்வொரு நாளும் நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னை அளந்து பார்த்த பாவி,
உன் தங்கை