வாய் நிறையக் கூப்பிட ஒரு பேர்

மார்ச் 4

என் அருமைக் கோந்துக்கு,

உன் தும்மல் எழுதுவது. நானும் என் வயிறும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனை எடுத்தாலே என் மாமியார், "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கிற மெஷினை அணைத்துவிட்டு எழுதுகிறேன்.

பெண்ணாம். இந்த நாட்டில் ஸ்கேன் பார்த்ததுமே சொல்லிவிடுகிறார்கள். கேட்டதும் எனக்கு ஒரே பேர்தான் வாயில் வந்தது. பனிமுகை. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நீயும் நானும் கட்டிய கதையின் ராணி; கோபம் வந்தால் மழையை நிறுத்திவிடுவாளே, அவள். நம் இரண்டு பேரில் யாருக்கு முதலில் பெண் பிறக்கிறதோ அவள் இந்தப் பேரை வைக்க வேண்டும் என்று சத்தியமெல்லாம் செய்தோம்.

வீட்டில் சொன்னேன். மாமியார் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டார். "மாமனார் பால்ல விஷம் கலந்தவ பேரையா வைக்கப் போற? வீடு விளங்கினாப்லதான்." இவரும் அவர் பக்கம். "பார்க்ல நின்னு அந்தப் பேரக் கூப்பிட்டா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க" என்கிறார். எல்லாம் உன் சீரியலில் அதே பேரோடு வருகிற வில்லி செய்கிற வேலை. நீ எழுதுகிற கதை கடல் தாண்டி எங்கள் கூடத்துக்கும் தினமும் வந்துவிடுகிறது.

உன்னால் முடியும். அவளைத் திருத்திவிடு. இல்லையென்றால் அவள் பேரையாவது மாற்று. என் மகளுக்காகக் கேட்கிறேன்.

உன்,
தும்மல்


மார்ச் 15

அடி தும்மல்,

வாயும் வயிறுமாக இருக்கிறவளைத் திட்டக் கூடாது என்பதால் மரியாதையாகவே எழுதுகிறேன்.

சீரியல் என்ன என் வீட்டுச் சொத்தா? காலை எட்டுக்குள் நான் வசனம் அனுப்ப வேண்டும். அங்கே நடிகைகள் மேக்கப்போடு காத்திருப்பார்கள். தயாரிப்பாளர் என்ன சொல்கிறார் தெரியுமா? "பனிமுகை இருக்கறதாலதான் விளம்பரமே வருது. அவ மேல கைய வச்சிடாதீங்க மேடம்." அவளைத் திருத்தினால் என் பிழைப்பில் மண் விழும்.

உலகத்தில் பேருக்கா பஞ்சம்? லட்சணமாக வேறொன்று வை. பத்து வயதில் செய்த சத்தியத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்காதே. வகுப்பில் உன்னை ஒட்டிக்கொண்டே திரிந்து கோந்து என்று பேர் வாங்கிய எனக்கே அது மறந்துவிட்டது. சாக்பீஸ் தூளுக்குத் தும்முகிறவளுக்கு மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறதோ.

இரும்புச் சத்து மாத்திரையைக் குப்பையில் போடாமல் முழுங்கு.

கோந்து


மார்ச் 27

கோந்து,

அருமை, அன்பு எதுவும் இந்தத் தடவை கிடையாது. நீ கோபமாக எழுதினால் தாங்கிக்கொள்வேன். இப்படி யாருக்கோ எழுதுவதுபோல எழுதினால் தாங்கவில்லை. மறந்துவிட்டது என்று நீ எழுதியது பொய்.

நீ முதலில் கல்யாணம் செய்துகொண்டாய். பேர் உனக்குத்தான் என்று நான் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தேன். இரண்டு தடவையும் நீ ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பினாய். நான் இங்கே இருந்தேன். உன் பக்கத்தில் வந்து உட்காரக்கூட என்னால் முடியவில்லை.

இனிமேல் முயற்சி செய்ய வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கு அடுத்த மாதம் உன் சீரியலில் பனிமுகை வந்தாள். வந்ததும் வராததுமாக விஷத்தைக் கலந்தாள். அன்றைக்கே கேட்க நினைத்தேன், தைரியம் வரவில்லை. நம் பேரைப் போயும் போயும் அவளுக்கு ஏன் வைத்தாய்? அந்தப் பேர் மேல் அவ்வளவு வெறுப்பா உனக்கு?

தும்மல்


ஏப்ரல் 9

தும்மலுக்கு,

வெறுப்பில்லை, பைத்தியமே.

அந்தப் பேரை யாராவது சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்க வேண்டும்போல இருந்தது. வீட்டில் அதற்கு வழியில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து பால்கனிக்குப் போய், காயாத துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு வருவார்.

இத்தனை வருஷம் வசனம் எழுதியதில் ஒன்று தெரிந்துகொண்டிருக்கிறேன். சீரியலில் நல்லவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அம்மாடி, கண்ணு, மருமகளே என்றே அவள் காலம் போய்விடும். கெட்டவளைத்தான் ஆளாளுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மாடியிலிருந்து ஒருவர், சமையலறையிலிருந்து ஒருவர் என்று. அதனால்தான் அவளைக் கெட்டவளாக்கினேன். உனக்கும் ஒரு பெண் வருவாள் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

எழுதி அனுப்பியதோடு என் வேலை முடிந்தது. ஆனாலும் ஷூட்டிங்குக்குப் போய் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அத்தை வேஷம் போடுகிறவர் மாடிப்படிக்குக் கீழே நின்று "பனிமுகை" என்று குரல் கொடுப்பார். மேலேயிருந்து ஒரு பெண், "இதோ வரேன்" என்பாள். அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் போகிறேன். அதையும் கொடு என்கிறாயே என்று ஆத்திரமாக வந்தது. அன்று அப்படி எழுதிவிட்டேன்.

கோந்து


ஏப்ரல் 20

என் கோந்துக்கு,

கடையில்தான் படித்தேன். கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர், "மொதல்ல நீங்க கண்ணக் காட்டுங்கம்மா" என்று சொல்கிற அளவுக்கு அழுதிருக்கிறேன்.

பேர் உன்னிடமே இருக்கட்டும். மாமியார் ஒரு பேர் யோசித்து வைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. இல்லை, பொய் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கவே இல்லை. இவள் உள்ளே உதைக்கும்போதெல்லாம் நம் பேர்தான் வாயில் வருகிறது. ஆனால் உன் காதிலிருந்து பிடுங்கி என் பெண்ணுக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

ஒரு தடவை வந்து இவளைத் தூக்கு. அது போதும். டாக்டர் சொன்ன நாள் மே கடைசியில் வருகிறது.

தும்மல்


மே 6

கண்ணே தும்மல்,

மாமியாரிடம் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிடாதே. இருபதாம் தேதிப் பகுதியை அவரோடு உட்கார்ந்து பார்.

ஒரு பெரிய உண்மை வெளிவரப் போகிறது. விஷம் கலந்தவள் பனிமுகையே இல்லை. சொத்துக்காக அந்தப் பேரைத் திருடிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த வேறொருத்தி. உண்மையான பனிமுகையைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே நல்லவர்கள் கையில் பத்திரமாக வளர்கிறாள். இதைச் சொன்னதும் தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். காட்சியைப் படித்துக் காட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பச்சக் கொழந்த நல்லா இருக்கணும் மேடம்" என்றார். உன் மாமியாரும் அழுவார், எழுதித் தருகிறேன். அப்புறம் பேர் வைக்க அவரே முன்னால் நிற்பார்.

இனிமேல் செட்டில் அந்தப் பேரை யாரும் கூப்பிட மாட்டார்கள். கடைசியாகக் கூப்பிடுகிற காட்சியை நேற்று எடுத்தார்கள். சவுண்ட் சரியில்லை என்று திரும்பத் திரும்பப் பொய் சொல்லி, அத்தைக்குத் தொண்டை கட்டுகிறவரை கூப்பிட வைத்தேன். எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். இவர் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

ஜூலையில் வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. எந்த நேரத்துக்கு வந்து சேருவோம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். வந்தாலும் உடனே பெல் அடிக்க மாட்டேன். பெட்டியை வைத்துக்கொண்டு உன் வாசலில் நிற்பேன். நான் நிற்பது தெரியாமல் நீ உள்ளே ஏதோ வேலையாக இருந்துகொண்டு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் பெல் அடிப்பேன். எவ்வளவு நேரமானாலும் சரி.

உன்,
கோந்து