டிபன் டப்பாவில் வளையல்

ஆனி 9, செவ்வாய்

இன்னும் அடங்கவில்லை. ஆத்திரம்.

இரண்டு நாளாகப் பட்டறையில் ஒரு கறுப்புக் காருக்கு மெஷினால் பாலிஷ் போட்டேன். கார்க்காரர் கும்மிடிப்பூண்டி இரும்பாலைத் தூசியோடு சேர்த்துத் துடைத்துத் துடைத்து, வண்டி முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். எல்லாவற்றையும் எடுத்து வாக்ஸ் போட்டு முடித்தேன். வளையல் உரசி வண்டியில் கோடு விழும் என்று கழற்றி டிபன் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் நான் மெஷினையே தொடுவேன். திரும்பப் போட மறந்து, வெறுங்கையோடு போய் மாமியாரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

சாயந்திரம் கார்க்காரர் வந்தார். பானெட்டில் முகம் பார்த்துச் சிரித்தார். "சூப்பரா பண்ணிக்கீறபா" என்று முதலாளியின் தோளைத் தட்டினார்.

"நான் இல்ல சார், நம்ம செல்விதான் பண்ணுச்சு" என்று முதலாளி என்னைக் காட்டினார்.

கார்க்காரர் முகம் மாறிவிட்டது. "பொம்பளயா? இன்னாபா நீ! எங்கயாவது கோடு இழுத்து வெச்சிருக்கும்" என்று பானெட்டை அழுத்தித் தடவினார். விரலில் தடி மோதிரம். சர்ரென்ற சத்தம் எனக்கே கேட்டது.

"தோ பாரு, கோடு! சொன்னேன்ல?"

முதலாளி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதுதான் எரிகிறது.

அந்தக் கோட்டை எடுக்க நாளைக்கு வண்டி திரும்ப வருகிறது. வரட்டும். டிபன் டப்பாவை அவர் முன்னால் நீட்டுவேன். மோதிரத்தைக் கழற்றி அதில் போட்டுவிட்டு அப்புறம் தொடட்டும்.