கைக்கு

ஜூலை 11, வெள்ளி

நாளை போலாரம் பள்ளியோடு கூடைப்பந்து. "போலாரம் போலாமா?" என்று காலையிலிருந்து பதினேழு தடவை கேட்டுவிட்டேன். ஹம்சா மட்டும் சிரித்தாள். எட்டாம் வகுப்பில் என் ஜோக்குக்குச் சிரிக்கும் ஒரே ஜீவன். சிகந்தராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி உருது. சிரித்ததற்குப் பரிசாக அவள் தண்ணீர் பாட்டிலில் உப்பு போட்டேன்.

அம்மாவும் வருகிறேன் என்றாள். "வேணாம்மா. அங்க எல்லாம் இந்தியும் தெலுங்கும். உனக்கு ஒண்ணும் புரியாது." மதுரையிலிருந்து வந்து ஒன்றரை மாதம். எனக்கு மட்டும் என்ன புரிந்து கிழிகிறது? அம்மா குக்கரைக் கழுவப் போனாள்.

ஜூலை 12

தோற்றோம். ஒரு புள்ளி. என்னால்.

கடைசி விநாடிகள். பந்து என்னிடம், எதிரே கூடை, மறிக்க ஆளில்லை. ஹம்சா ஏதோ கத்தினாள். கேட்டது "கைக்கு" மட்டும். கைக்குத்தானே கேட்கிறாள் என்று அவளிடம் வீசினேன். அவளோ கூடைப்பக்கம் திரும்பிவிட்டாள். பந்து முதுகில் பட்டு வெளியே போச்சு. விசில்.

"விளையாட்டுலயும் விளையாட்டா உனக்கு?" என்றாள்.

நான் சொல்லியிருக்க வேண்டிய வரி.

ஜூலை 14

அப்பா ஆபீஸில் விசாரித்து வந்தார். இங்கே கைக்கு என்றால் 'ஏன்'. ஏன் நிக்கிறே, போடு என்றுதான் கத்தியிருக்கிறாள். போன் செய்தேன்.

"சத்தியமாத் தெரியாதுடி."

"உப்பும் தெரியாதுன்னுதான் சொன்னே" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 16

பெஞ்ச் மாறிவிட்டாள். இனி யாரை ஹம்சை இம்சை என்று கூப்பிடுவது?

ஜூலை 19

என் முழங்கால் உறையைத் திருப்பித் தர வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள். அம்மா தட்டில் பணியாரம் கொண்டுவந்தாள்.

"கைக்கு ஆன்ட்டி?" என்றாள் ஹம்சா. எதுக்கு இதெல்லாம் என்று.

"கைக்கா? சுடுமேம்மா." அம்மா தட்டைக் கீழே வைத்து, ஒரு பணியாரத்தை ஊதி ஊதி அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

ஹம்சா பணியாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "உங்க வீட்டுல யாருக்குமே தெரியாதா?"

"அப்பாவுக்குத் தெரியும். திங்கக்கிழமைலேர்ந்து."

சிரித்துத் தொலைத்தாள். உள்ளே வந்து ஒன்பது தின்றாள்.

எதற்குச் சிரிக்கிறோம் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. ஹம்சா போனதும் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "என்னத்தடி உடைச்சே?" என்றாள்.

ஆகஸ்ட் 2, சனி

மறுபடி போலாரம். மறுபடி தோல்வி, இரண்டு புள்ளியில். அம்மாவை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். போலாரம் பந்து போட்டபோதும் கைதட்டினாள். எங்கள் டீமில் ஒருத்தியும் அம்மாவைத் தடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஹம்சா வாயைத் திறந்தபடி அம்மா தோளில் தூங்கிவிட்டாள். தோள் வலித்திருக்கும், அம்மா அசையவில்லை. என் பையில் மார்க்கர் இருந்தது. ஹம்சா மூக்குக்குக் கீழே மீசைக்கு இடமும் இருந்தது.

மூடியைத் திறக்கவில்லை.