தறிக்குழியில் அளந்த வோல்டேஜ்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்

கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டிய என் ஏகாம்பரம்,

நேற்று சாயங்காலம் உன் வீட்டில் மறுபடியும் மெயின் சுவிட்சைப் போட்டோம். நீ போனதிலிருந்து இரண்டு வருஷமாக என் தங்கை வள்ளி அதைத் தொடவிடவில்லை. பகல் வெளிச்சத்தில் மட்டும் உன் தறியில் நெய்துகொண்டிருந்தாள். கண் வலிக்கிறது, பட்டு இழை அறுந்தால் தெரியவில்லை என்று இப்போது அவளே கூப்பிட்டனுப்பினாள்.

குற்றம் என்னுடையது. சாயங்காலமானால் டியூப்லைட் எரிவதில்லை, வோல்டேஜை அளந்து கரண்ட் ஆபீசுக்கு மனு எழுத வேண்டும் என்றாய். ரேடியோ ரிப்பேர் செய்கிற எனக்கு மீட்டர் கட்டுவது ஒரு வேலையா என்று நான் மார்தட்டினேன். பிஸ்கட் டப்பாவில் மீட்டரை வைத்து, வீட்டுக் கரண்ட்டை நேராக அதற்குள் கொண்டுவந்தேன். ஒரு ஒயர் தகரத்தில் உரசிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

என் கடையில் செருப்புக் காலோடு சோதித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ தறியை விட்டு எழுந்திருக்காமலே கையை நீட்டினாய். கால் வைக்கும் தறிக்குழியில் ஈர மண், அதன்மேல் உன் வெறுங்கால். டப்பாவைத் தொட்ட கையோடு போய்விட்டாய். நெய்கிறவன் அப்படித்தானே உட்கார்ந்திருப்பான்? தறிக்காரன் வீட்டில் பிறந்த எனக்கு அது எப்படித் தோன்றாமல் போயிற்று, மச்சான்?

இந்தத் தடவை மரப்பெட்டி. உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். வீட்டுக் கரண்ட் அதன் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். மறுபக்கம் வருவது ஆறு வோல்ட்தான். மீட்டர் அந்தப் பக்கம். முள் நிற்கும் இடத்துக்கு நேரே வீட்டு வோல்டேஜை அட்டையில் எழுதி ஒட்டினேன். ஃபியூஸும் உண்டு. விளக்கியதையெல்லாம் வள்ளி கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் குழியில் ஊற்றினாள்.

“மொதல்ல நீ எறங்குண்ணா. அவரு மாதிரி கால வெச்சுக்கினு தொடு.”

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பயமாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பெட்டியைப் பிடித்தேன். மீட்டரின் இரண்டு திருகாணிகளையும் விரலால் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

என்னை மேலே வரச்சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்தாள்.

“எரநூத்தி முப்பது வரவேண்டிய எடத்துல நூத்தி அறுவதுதான் இருக்குது. அவரு சொன்னது சரிதான். மனு எழுதுண்ணா, நான் கையெழுத்து போடறன்.”

என்னை மன்னித்துவிட்டாயா என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

மனுவை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இனி யார் வீட்டுக்கு எதைக் கட்டிக் கொடுத்தாலும், அவர்கள் உட்காருகிற இடத்தில் முதலில் நான் உட்கார்ந்து தொட்டுப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன்.

உன் மச்சான்,
வள்ளியின் அண்ணன்