கடுகளவுக் கண்ணாடியும் என் மூச்சும்

ஆழ்வார்பேட்டைக் கண்ணாடிக் கடையில் இன்று என் மூக்குக்கண்ணாடியைக் கையில் வாங்கிய பெண், துடைப்பதற்காக அதன்மேல் ஊதப் போனார். "ஊதாதீங்க" என்றேன். குரல் பலமாகவே வந்துவிட்டது. அவர் திகைத்துப்போய்த் தண்ணீர் தெளித்துத் துடைத்துக் கொடுத்தார். அவரிடம் என்னவென்று விளக்குவது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அடையாறு பக்கம் நம் ஆய்வுக்கூடம். சிலிக்கான் சில்லில் கடுகளவுகூட இல்லாத கண்ணாடி. இரண்டு மெல்லிய பட்டைகளில் தொங்கும். மின்சாரம் கொடுத்தால் சாயும், அதில் பட்ட லேசர் ஒளி எதிர்ச்சுவரில் நகரும். இவ்வளவுதான் விஷயம். இதற்காக நீ இரண்டு வருடம் கம்ப்யூட்டரில் வரைந்தாய், அழித்தாய், மறுபடி வரைந்தாய். வெளிநாட்டில் செய்து வந்த சில்லில் ஐந்து கண்ணாடிகள். கடைசியாகக் கழுவிக் காயவைத்தபோது நான்கு அடித்தரையோடு ஒட்டிக்கொண்டன. அவ்வளவு சின்ன இடைவெளிக்குத் துளி ஈரம் போதும்.

"நாலு பூடுச்சி. ஒண்ணு உசுரோட கீது மச்சி" என்றாய், ராயப்பேட்டைக்காரனாக.

மறுநாள் நம் பேராசிரியர் சாருக்கு அதை அசைத்துக் காட்டினால்தான் உன் ஆய்வு தொடரும். நீ அவரை அழைத்துவரப் போயிருந்தாய். நான் சில்லின் மூடியைத் திறந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஓரத்தில் ஒரு தூசி. வீட்டில் டேப் ரெக்கார்டர் ஹெட்டை ஊதிப் பழகிய வாய், ஊதிவிட்டேன். மூச்சிலும் ஈரம் உண்டு என்பது எனக்குத் தெரியாததா?

சுவரில் சிவப்புப் புள்ளி நகரவில்லை. மின்சாரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாய். உன் கண் ஒருமுறை, மேஜையில் கிடந்த மூடிக்குப் போனது. நான் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பட்டையை ரொம்ப மெல்லிசா போட்டுட்டேன் சார். என் டிசைன்தான் தப்பு" என்றாய்.

சார் முகம் சுளித்து, கடைசியாக ஒரு வருடம் கெடு கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கோழை. அந்த வருடம் உன் தங்கை கல்யாணத்துக்குக்கூட முகூர்த்தத்துக்குத்தான் போனாய். கண்ணாடியின் அடியில் பொடிப்பொடியாய் மேடுகள் வைத்தாய். அது கீழே சாய்ந்தாலும் மேடுகளின் நுனியில்தான் நிற்கும், தரையோடு ஒட்டாது.

புதுச் சில்லு வந்தது. புள்ளி சுவரில் இடமும் வலமும் போய் வந்தது. சார் உன் தோளைத் தட்டிவிட்டுப் போனபின் என்னை மேஜைக்கு இழுத்தாய்.

"இப்ப ஊது மச்சி."

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊது, ஒண்ணும் ஆவாது. ஒனக்காகத்தான் மேடு வெச்சிக்கீறேன்."

ஊதினேன். புள்ளி நிற்காமல் போய் வந்தது. "சரி வா, டீ அடிக்கலாம்" என்றாய். அதற்குப் பிறகும் எத்தனையோ டீ. ஒன்றிலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன மாதம் உன் வீட்டுக் கூடத்தில், உன்னைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிமேல் குனிந்து, "நான்தான் மச்சி ஊதினேன்" என்று சொல்லிவிட்டேன். என் மூச்சுப் பட்டுப் பெட்டியின் கண்ணாடி மங்கியது. உன் முகம் மறைந்துவிட்டது. சட்டைக்கையால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.