பத்தொன்பதாம் திகதி வரவு

ஆனி 17, செவ்வாய்

சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது. முற்றம் முழுக்க மணலும் பூவரசம் சருகும். கூட்டி முடிக்க 5.40.

6.00 வலிக்குளிசை ஒன்று.
6.20 கஞ்சி, நாலு கரண்டி. ஐந்தாவது வெளியே வந்துவிட்டது.
படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும். குழாய் திருத்த வருகிறேன் என்றவன் இன்றும் வரவில்லை.

இந்த டயறி மீன்பிடிச் சங்கத்தில் இவருக்குக் கொடுத்தது. குளிசை நேரம் குறிக்க எடுத்தேன். இப்போது மனதில் வருவதையும் எழுதிவிடுகிறேன். யார் பார்க்கப்போகிறார்கள்.

ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு அனுப்பி மூன்று கிழமை. ஈரல் முழுக்கப் புற்றுப் பரவிவிட்டது, இனி விருப்பமானதைக் கொடுங்கள் என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார். இவரிடம் நான் வேறு கதை சொல்லி வைத்திருக்கிறேன். உடம்பு கொஞ்சம் தேறினால் திரும்பவும் மருந்து ஏற்றக் கூப்பிடுவார்கள் என்று. நம்பினாரோ தெரியாது. கேள்வி கேட்கவில்லை.

6.45. சங்கவி வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையும் கழுத்தில் ரையுமாகக் கட்டிலடியில் வந்து நின்றாள். இவர் தலை தொடக்கம் சப்பாத்து வரை ஒருதரம் பார்த்தார்.

"மணி என்ன குஞ்சு?"

"ஆறே முக்கால் அப்பா."

"பிந்தாதை. போட்டு வா."

இதற்காகத்தான் இவருக்கு ஒவ்வொரு நாளும் விடிகிறது. அவள் சைக்கிள் படலையைத் தாண்டிய பிறகுதான் ஒரு வாய் தண்ணீராவது உள்ளே போகும்.

பத்தாம் வகுப்பு. முதலாம் வகுப்பிலிருந்து ஒருநாளும் விடவில்லை. காய்ச்சல்கூட சனி ஞாயிறு பார்த்துத்தான் வரும் என்று இவர் பகிடி விடுவார். மனுசன் ஏழாம் வகுப்போடு வள்ளம் ஏறியது. சண்டை, இடம்பெயர்வு, ஓட்டம், பிறகு எந்தப் பள்ளிக்கூடம். நல்ல உடம்பாய் இருந்த காலத்தில் கடலால் வந்த சாரத்தோடேயே அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய் இறக்குவார். மணி அடிக்கும் வரை வாசலில் நிற்பார். மற்றத் தகப்பன்மார் மூக்கைப் பொத்துவதாக அவள் சின்னதில் அழுதிருக்கிறாள்.


ஆனி 18, புதன்

காற்று இன்னும் அடங்கவில்லை. மச்சாள் (இவரின் அக்கா) பத்து மணிக்கு வந்தா. எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் குசினிக்குள் இழுத்தா.

"தம்பியின்ரை முகம் சரியில்லையடி. பிள்ளையை நாளைக்கு மறிச்சு வை."

"டொக்டர் ஒரு மாதம் எண்டவர் மச்சாள்."

"டொக்டர் சொல்லுவார். அவள் ஒருத்திதானே உங்களுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அவவுக்கு விளங்காது. இவருடைய கண்ணுக்கு முன்னால் சங்கவி ஒரு வேலைநாளில் வீட்டுச் சட்டையோடு நின்றால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். நான் மூன்று கிழமையாகக் கட்டிக் காத்த கதை அந்த இடத்தில் முடியும். அவள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் இது சாதாரண நாள். அவரும் சாதாரண நோயாளி.

1.30 குளிசை. 2.15 சங்கவி வந்தாள். இவர் நித்திரை. கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் சும்மா இருந்தாள். சாப்பிடச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டேன்.


ஆனி 19, வியாழன்

7.15. ஏசித்தான் அனுப்பினேன்.

"அம்மா, நான் இண்டைக்கு நிக்கிறன்."

"என்னத்துக்கு?"

"அப்பா இரவு முழுக்க ஒரு மாதிரி மூச்சு விட்டவர். நான் கேட்டனான்."

"நீ நிண்டு என்ன செய்யப்போறாய்? நிண்டால் அவர் என்ன நினைப்பார் எண்டு யோசிச்சியே?"

"ஒரு நாள்தானே அம்மா."

"இவ்வளவு காலமும் விடாமல் போனது இண்டைக்கு விடவோ? உன்ரை வரவுச் சான்றிதழ் எண்டால் அவருக்கு உயிர். வெளிக்கிடு."

இவர் கண் திறக்கவில்லை. அவள் கட்டிலடியில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். மணி கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. படலைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் காட்டினேன், போ போ என்று.

8.40 குளிசை விழுங்கவில்லை. கரைத்து


ஆனி 28, சனி

எட்டுச் சடங்கு முடிந்து இரண்டு நாள். பந்தல் கழற்றிவிட்டார்கள். கதிரைகள் போய்விட்டன. வீடு பெரிதாகத் தெரிகிறது.

மேலே பாதியில் நின்றதை எழுதி முடிக்கவேண்டும் போல இருக்கிறது. உயிர் போனது 9.20.

கரைத்த குளிசையைக் கரண்டியில் கொண்டு போனபோது கண் திறந்திருந்தார். வாசல் பக்கம் பார்த்தார். "பிள்ளை?" என்றார். சத்தம் தெளிவாக இருந்தது, எனக்கே சந்தோசம். "பள்ளிக்கூடம் போட்டாள். நேரத்துக்குப் போட்டாள், நீங்கள் யோசியாதேங்கோ" என்றேன். கண்ணை மூடினார். திருப்தியாக மூடினார் என்றுதான் நினைத்தேன். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

மச்சாளின் மகன் போய்ச் சங்கவியைக் கூட்டி வந்தான். அவளிடம் சுகமில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறான். ஒழுங்கையில் சனத்தைக் கண்டதும் மோட்டார் சைக்கிளில் இருந்து குதித்துவிட்டாள். முழங்கால் உரசி வெள்ளைச் சட்டையில் இரத்தம். அந்தச் சட்டையோடுதான் அப்பாவின் நெஞ்சில் விழுந்தாள். சூடு இருந்தது, சூடு இருக்கு, சூடு இருக்கு என்று கத்தினாள்.

செத்தவீட்டில் மச்சாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "பெத்த பிள்ளையை முகம் பாக்க விடாமல் துரத்திவிட்டவள்." பிழை என்று சொல்ல என்ன இருக்கிறது.

அன்றிலிருந்து சங்கவி என்னோடு கதைப்பது: ஓம். இல்லை. பசிக்கேல்லை.


ஆடி 2, புதன்

வெயில். மழைக்குணம் எங்கேயும் இல்லை.

சட்டையை ஊறப் போட்டு, எலுமிச்சை தேய்த்து, இரத்தக் கறை முக்கால்வாசி போய்விட்டது. அயன் பண்ணிக் கொழுவினேன். காலையில் அது அப்படியே தொங்கியது. அவள் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சாவுத் துடக்கு வீடுதானே, முப்பத்தொன்றாம் நாள் முடியட்டும் என்று எனக்கு நானே சொன்னேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை தகப்பன் செத்த ஐந்தாம் நாளே போனது எனக்குத் தெரியும்.

வாங்க: மண்ணெண்ணெய், சாம்பிராணி, தேயிலை.


ஆடி 8, செவ்வாய்

நாலு மணிக்கு வகுப்பு ரீச்சர் வந்தா. இளம் பிள்ளை, நெல்லியடியில் இருந்து ஸ்கூட்டியில். கையில் சங்கவிக்கென்று மற்றப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பாடக் குறிப்புகள். இரண்டு கிழமைக்கு அவ்வளவு கட்டு.

"நாள் போகப்போகத் திரும்பி வாறது கஷ்டமம்மா. கணக்கிலை ரெண்டு பாடம் முடிஞ்சுது. பின்னுக்கு நிக்கிற பிள்ளையள் பிறகு வெக்கத்திலை வராயினம். நான் கண்டிருக்கிறன்."

"நான் என்ன செய்ய ரீச்சர்? வாய் திறக்கிறாளில்லை."

சங்கவி அறைக் கதவில் வந்து நின்றாள். ரீச்சர் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னா.

"சங்கவி, உம்மடை வரவைப் பற்றி அதிபர் கூட்டத்திலையே கதைச்சவர். பத்தொன்பதாம் திகதி வரைக்கும் ஒருநாளும் விடேல்லை நீர்."

"பத்தொன்பதாம் திகதி எனக்கு வரவு போட்டனீங்களோ?"

"ஓம். நீர் வந்தனீர்தானே."

"வெட்டி விடுங்கோ."

"அது வரவு இடாப்பம்மா. போட்டதை வெட்டேலாது."

"நான் அண்டைக்கு வரேல்லை எண்டு போடுங்கோ ரீச்சர். நான் வீட்டிலை நிண்டனான் எண்டு போடுங்கோ."

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். ரீச்சர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினா. படலையடியில் என் கையைப் பிடித்தா.


ஆடி 19, சனி

அந்தியேட்டி, முப்பத்தொன்றாம் நாள். கீரிமலையில் நல்ல சனம், தண்ணீர் கலங்கல். இவரின் தம்பி கிரியை செய்தார். சங்கவி படியில் இருந்து கடலைப் பார்த்தபடி. ஐயர் கூப்பிட்டபோது மட்டும் வந்து பூப் போட்டாள்.

வீட்டில் நாற்பது பேருக்குச் சாப்பாடு. கத்தரிக்காய்ப் பால்கறிக்கு உப்புக் கூடிப்போச்சு. மச்சாள் போகும்போது சொன்னா, "இனி அவளைக் கரைச்சல் படுத்தாதை. வீட்டிலை நிக்கட்டும். தையல் பழக்கலாம்."

ஒரு மாதத்துக்கு முதல் மறித்து வை என்று சொன்னதும் இவதான். அன்றைக்குச் சரியாகச் சொன்ன வாய் இன்றைக்குப் பிழையாகச் சொல்கிறது. நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கப்போவதில்லை. அவள் தையல் மெசினில் குந்தினால் இவர் வாழ்ந்ததற்கே ஒன்றும் இல்லாமல் போய்விடும்.


ஆடி 21, திங்கள்

காலை 5.30க்கு எழுப்பினேன். முதலில் மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை.

"எழும்பு. முப்பத்தொண்டும் முடிஞ்சுது. ஒரு மாதப் பாடம் போட்டுது."

அசையவில்லை.

"அப்பா இருந்தால் இப்பிடிக் கிடக்க விடுவாரோ?"

அப்போது எழும்பி இருந்தாள். இதைச் சொன்னால் மனம் இளகும், உடுப்புப் போடுவாள் என்று நினைத்து இத்தனை நாளும் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் கடைசியாகக் கதைத்ததே உன்னைப் பற்றித்தான் என்றேன். பிள்ளை என்று கேட்டார், நேரத்துக்குப் போட்டாள் என்று சொன்னேன், அதுக்குப் பிறகுதான் நிம்மதியாகக் கண்ணை மூடினவர் என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை எண்டுதான் கேட்டவரோ?"

"ஓம்."

"வேறை ஒண்டும் கேக்கேல்லையோ? மணி?"

"இல்லை."

"அப்பா என்னைக் கூப்பிட்டிருக்கிறார் அம்மா. நீங்கள் பள்ளிக்கூடக் கதை சொல்லியிருக்கிறியள்."

சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. சொல்லிவிட்டுத் தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நான் கிணற்றடிக்குப் போய் இருந்தேன். முப்பத்திமூன்று நாளாக அந்த ஒரு சொல்லை நான் வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வாசலைப் பார்த்தாரே. சைக்கிள் போன வழியைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பதினெட்டு வருசம் இவரோடு இருந்தவள், எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடம் கால் மணித்தியாலம். ஆள் அனுப்பியிருந்தால் வந்திருப்பாள். நான் கரண்டி கழுவினேன்.

சமைக்கவில்லை. பாண் வாங்கினேன். இருவரும் தொடவில்லை.


ஆடி 22, செவ்வாய்

மத்தியானம் அவளாகவே வந்தாள். கையில் கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள், பேனை.

"ரீச்சருக்கு ஒரு லீவுக் கடிதம் எழுதித் தாங்கோ."

"எந்த நாளுக்கு? இந்த மாதம் முழுக்கவோ?"

"பத்தொன்பதாம் திகதிக்கு மட்டும். எழுதினால் நான் பள்ளிக்கூடம் போறன்."

அது நடக்காதது, பொய், இடாப்பில் மாற்ற மாட்டார்கள் என்று சொல்ல வாய் வந்தது. பேனையை வாங்கினேன். எனக்கு லீவுக் கடிதம் எழுதத் தெரியாது. எழுத வேண்டி வந்ததில்லை. இதிலே எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ஒற்றையில் எழுதினேன்:

வகுப்பாசிரியர் அவர்கட்கு,
எனது மகள் சங்கவி, தந்தையார் கடும் சுகவீனமுற்றிருந்தபடியால், ஆனி மாதம் 19ஆம் திகதி வியாழக்கிழமை பாடசாலைக்குச் சமுகமளிக்கவில்லை. அன்று காலை முழுவதும் தந்தையின் பக்கத்தில் இருந்தாள். தந்தை கூப்பிட்டபோது அவள் அங்கே இருந்தாள். இதனைத் தயவுடன் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு, தாய்.

கூப்பிட்டபோது என்ற வரி அவள் கேட்கவில்லை. நானாக எழுதினது. எழுதும்போது உண்மையிலேயே அப்படி நடந்ததுபோல இருந்தது, அவள் கட்டிலடியில், இவர் கை அவள் கைக்குள். முடித்துவிட்டு நிமிர்ந்தால் வெறும் கட்டில்.

இரண்டு தரம் வாசித்தாள். மடித்தாள்.

"நாளைக்குப் போவன். ஆனா ஒண்டு."

"சொல்லு."

"நீங்கள் என்னை எழுப்பக்கூடாது. வெளிக்கிடு எண்டு சொல்லக்கூடாது. நான் நேரத்துக்குப் போவன், ஒருநாளும் விடமாட்டன். ஆனா நீங்கள் இனி என்னைப் போ எண்டு சொல்லக்கூடாது."

ஓம் என்றேன்.


ஆடி 23, புதன்

4.50 முழிப்பு. சத்தம் காட்டாமல் படுத்திருந்தேன்.

5.20 அவள் எழும்பினாள். கிணற்றடியில் வாளி. பிறகு அலுமாரி.

6.10 புட்டு அவித்து மூடி வைத்துவிட்டுப் பின்வாசலில் இருந்தேன். சாப்பிட்டாள்.

6.40 சட்டை தோளில் இறுக்கம், ஒரு மாதத்துக்குள் வளர்ந்திருக்கிறாள். சொல்லவில்லை. ரை கோணல். அதுவும் சொல்லவில்லை.

6.50 சைக்கிளை எடுத்தாள். பின் சில்லில் காற்றுக் குறைவு. நான் பம்பை எடுத்துப் படலையடியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அடித்தாள். பத்துப் பன்னிரண்டு தரம்.

பிறகு சத்தம் இல்லை. யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். படலையில் ஒரு கால் ஊன்றி நின்று திரும்பி வீட்டைப் பார்த்தாள். நான் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

6.57 போய்விட்டாள்.